ஃபார்ம்வில் சாலையோரப் பலகைகள்: பேரன் பேத்தியோடு ஒருநாள் போய்வர நான் பரிந்துரைக்கும் இடம்

மகள் வீட்டுக்கு ரிச்மண்ட் வந்து மூன்று மாதமாகிறது. காரில் எந்தப் பக்கம் போனாலும் சாலையோரத்தில் கம்பத்தின் மேல் வெள்ளி நிறப் பலகை ஒன்று தென்படும். கறுப்பு எழுத்து நெருக்கி நெருக்கி இருக்கும். தலைப்பைப் படித்து முடிப்பதற்குள் கார் தாண்டிவிடும். "அது என்ன, அது என்ன" என்று நான் கேட்டுக்கொண்டே வந்ததில், ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளையே சொன்னார்: "அத்தை, இன்னைக்குப் பலகை பார்க்கத்தான் போறோம். எங்கெல்லாம் நிறுத்த முடியுமோ அங்கெல்லாம் நிறுத்துறேன்." அப்படிப் போய் வந்த இடம்தான் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி. கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. அதன் முக்கிய ஊர் ஃபார்ம்வில். ரிச்மண்டிலிருந்து ஏறக்குறைய 65 மைல். ஒன்றேகால் மணி நேரப் பயணம்.

ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்து வைத்திருக்கும் பிள்ளைகள் வாஷிங்டனுக்கும் நயாகராவுக்கும் கூட்டிப் போகிறார்கள். அதெல்லாம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அங்கே பார்த்த எதுவும் என் தூக்கத்தைக் கெடுக்கவில்லை. ஃபார்ம்வில் போய்வந்த இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. 31 வருஷம் சிவகங்கைப் பக்கம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்தவள் நான். அதனால் இந்த ஊர் எனக்குக் கூடுதலாகப் பட்டிருக்கலாம். ஆனாலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் நீங்களும் ஒருதடவை போய் வாருங்கள்.

முதலில் பலகைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வர்ஜீனியாவில் இந்த ஏற்பாடு 1927இல் தொடங்கியது. நாட்டிலேயே மிகப் பழைய ஏற்பாடுகளில் ஒன்று. கார்கள் பெருகி ஜனங்கள் ஊர் சுற்ற ஆரம்பித்த காலம் அது. போகிற வழியிலேயே நின்று படிக்கட்டும் என்று வைத்தார்கள். இன்றைக்கு மாநிலம் முழுக்க 2,600க்கும் மேல் நிற்கின்றன. எல்லாம் ஒரே அச்சு: உச்சியில் மாநில முத்திரை, விழுந்து கிடக்கும் கொடுங்கோலனை மிதித்து நிற்கும் பெண்ணுருவம், அதன் கீழே தலைப்பு, அப்புறம் சுமார் நூறு சொல்லுக்குள் விஷயம். நடந்து 50 வருஷமாவது ஆகியிருந்தால்தான் பலகை வைக்க முடியும். உள்ளூர்க்காரர்கள் விண்ணப்பம் போட்டு, செலவையும் அவர்களே ஏற்பது வழக்கம். கடைசி வரியில் வைத்த துறையின் பெயரும் வருஷமும் இருக்கும். அந்த வருஷத்தை முதலில் பாருங்கள் என்பேன். பழைய பலகைகள் பெரும்பாலும் தளபதி இந்த வழியாகப் போனார், படை இங்கே தங்கியது என்று இரண்டு மூன்று வரியில் முடிந்துவிடுகின்றன. அண்மைக் காலத்துப் பலகைகளில்தான் பள்ளிக்கூடம், சுடுகாடு, தேவாலயம், விடுதலை பெற்ற அடிமைகளின் குடியிருப்பு எல்லாம் வருகின்றன. அந்த ஒரு வரியை வைத்தே, எந்தக் காலத்தில் யாருடைய கதை சொல்லத் தகுந்ததாக இருந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

நாங்கள் 360ஆம் சாலையில் போய், 307இல் திரும்பி, 460ஐப் பிடித்தோம். இரு பக்கமும் பைன் மரக்காடு, நடுவே வைக்கோல் உருளைகள் கிடக்கும் புல்வெளி. 307 பக்கத்தில்தான் செய்லர்ஸ் கிரீக் போர்க்களம். அமெரிக்க உள்நாட்டுப் போரின் கடைசியில், 1865 ஏப்ரல் 6ஆம் தேதி, தென்மாநிலப் படை இங்கே நொறுங்கியது. மூன்று நாள் கழித்து அப்பமாட்டக்ஸில் அந்தப் படையின் தளபதி லீ சரணடைந்தார். மாப்பிள்ளைக்கு இதில் ஆர்வம் அதிகம். நானும் பேரனும் மரத்தடியில் உட்கார்ந்து முறுக்கு தின்றோம். போர் வரலாறு பிடித்தவர்களுக்கு அரை நாள் இங்கேயே போய்விடும். நான் அதற்குள் போகவில்லை.

ஃபார்ம்வில் சின்ன ஊர். மெயின் ஸ்ட்ரீட் என்று ஒரு கடைத்தெரு, செங்கல் கட்டடங்கள், பழைய புகையிலைக் கிடங்குகளில் இப்போது மேசை நாற்காலிக் கடைகள். அந்தத் தெருவிலேயே தெற்கே போனால் ஒரு முக்கில் ஒரே தளமாக, நீளவாட்டில், செங்கல்லால் கட்டிய பள்ளிக்கூடம் நிற்கிறது. ராபர்ட் ருஸ்ஸா மோட்டன் உயர்நிலைப்பள்ளி. 1939இல் கறுப்பினப் பிள்ளைகளுக்காகக் கட்டியது. இப்போது அருங்காட்சியகம். வெளியே அதன் பலகை.

பலகை ஆள் உயரத்துக்கு மேலே இருந்தது. பேரனுக்குப் பதினொரு வயது. அப்பாவின் தோளில் ஏறிக்கொண்டு, வெள்ளைத்தாளை எழுத்தின் மேல் அழுத்திப் பிடித்து, பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்த்தான். எழுத்துகள் புடைத்து வார்த்தவை என்பதால் ஒவ்வொன்றாகத் தாளில் எழும்பி வந்தன. நம் ஊரில் கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பார்களே, அதே வேலைதான். முதலில் 'எம்' வந்தது, அப்புறம் 'ஓ'. "அம்மாச்சி, பேரு வருது, பேரு வருது" என்று மேலேயிருந்து கத்தினான். இந்தப் பயணத்துக்குப் போகிறவர்கள் நாலைந்து தாளும் நல்ல கொழுத்த பென்சிலும் எடுத்துப் போங்கள். எழுத்தைக் கையால் தொட்டுப் படித்த பிள்ளை மறக்காது. வகுப்பறையில் நான் கண்டது அது.

இனி உள்ளே. அன்றைக்கு எங்களிடம் நுழைவுக் கட்டணம் கேட்கவில்லை. விருப்பப்பட்டதைப் போட ஒரு பெட்டி இருந்தது. ஒவ்வொரு வகுப்பறையாகப் போய்க்கொண்டே கதையைப் படிக்கும்படி அமைத்திருக்கிறார்கள். படங்கள் பெரியவை, எழுத்து என் கண்ணாடிக்குத் தாராளமாகத் தெரிந்தது, உட்கார இடம் உண்டு. வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு இது முக்கியம்.

அந்தப் பள்ளி 180 மாணவர்களுக்கென்று கட்டியது. 1951இல் அங்கே 450க்கு மேல் படித்தார்கள். உடற்பயிற்சிக் கூடம் இல்லை, சாப்பாட்டுக் கூடம் இல்லை. இடம் போதாமல் மைதானத்தில் மரச்சட்டம் அடித்து, தார்க்காகிதம் போர்த்திக் கொட்டகை போட்டார்கள். மழை பெய்தால் ஒழுகும். குளிருக்கு நடுவில் ஒரு அடுப்பு. பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு வேகும், கடைசி வரிசைக்காரன் கோட்டைக் கழற்ற முடியாது. தார்க்காகிதக் கொட்டகையின் படத்துக்கு முன்னால் நான் நெடுநேரம் நின்றேன். ஓட்டுக்கூரை ஒழுகும் வகுப்பில் பிள்ளைகளைச் சுவரோரம் ஒதுக்கி உட்கார வைத்துப் பாடம் நடத்தியவள் நான். பாடம் நடத்தும்போது வாத்தியாரின் கண் பாதி கூரையில் இருக்கும். அடுப்பையும் பார்த்துக்கொண்டு பாடமும் சொன்ன அந்த ஆசிரியர்களை எனக்குத் தெரிந்தவர்கள் போலவே இருந்தது.

1951 ஏப்ரல் 23. பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயதுப் பெண். தலைமையாசிரியரைத் தந்திரமாக வெளியே போக வைத்தார்கள்: பேருந்து நிலையத்தில் நம் மாணவர்கள் வம்பில் மாட்டியிருக்கிறார்கள் என்று ஒரு தொலைபேசி. அவர் கிளம்பியதும், எல்லா வகுப்பும் கூட்டத்துக்கு வரவும் என்று அவர் பெயரில் ஒரு சீட்டு. பிள்ளைகள் அரங்கத்தில் கூடிப் பார்த்தால் மேடையில் இந்தப் பெண். ஆசிரியர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, காலணியைக் கழற்றித் தட்டிக் கூட்டத்தை அமைதிப்படுத்தியதாகச் சொல்கிறார்கள். நல்ல பள்ளிக்கூடம் கட்டித் தரும்வரை வகுப்புக்குப் போவதில்லை என்று 450 பிள்ளைகளும் வெளியே வந்துவிட்டார்கள். இரண்டு வாரம் அப்படியே நின்றார்கள்.

அந்த அரங்கம் அப்படியே இருக்கிறது. மேடை சின்னதுதான், எங்கள் பள்ளி ஆண்டுவிழா மேடை அளவு. நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். பேரன் மேடைப் பக்கம் போய் நின்று திரும்பிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் என்ற இரண்டு வழக்கறிஞர்கள் வந்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று இன்னொரு தனிப் பள்ளி கேட்டால் நாங்கள் வரமாட்டோம், நிறம் பார்த்துப் பிரிப்பதையே எதிர்ப்பதானால் வழக்குப் போடுகிறோம் என்றார்கள். பெற்றோரும் பிள்ளைகளும் ஒத்துக்கொண்டார்கள். மே 23ஆம் தேதி வழக்குப் பதிவானது. 117 மாணவர்கள் வாதிகள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954 மே 17இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிரவுன் தீர்ப்பில் சேர்ந்த வழக்குகளில் இதுவும் ஒன்று. அவற்றில் மாணவர்களே தொடங்கி வைத்தது இது ஒன்றுதான். பார்பராவுக்கு ஆபத்து என்று வீட்டார் அலபாமாவில் இருந்த பெரியப்பா வெர்னன் ஜான்ஸ் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மான்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங்குக்கு முன்னால் அதே தேவாலயத்தில் போதகராக இருந்தவர் அந்தப் பெரியப்பா. பார்பரா பிற்பாடு நூலகரானார், 1991இல் காலமானார். வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தில் வர்ஜீனியாவின் சார்பில் நின்ற தளபதி லீயின் சிலையை 2020இல் எடுத்தபோது, அந்த இடத்துக்கு மாநிலம் தேர்ந்தெடுத்தது இந்தப் பெண்ணைத்தான்.

இதுவரை கேட்டால் வெற்றிக் கதை. அடுத்த அறையில்தான் எனக்குக் கால் ஓடவில்லை.

தீர்ப்பை நிறைவேற்று என்று நீதிமன்றம் நெருக்கியது. 1959இல் இந்தக் கவுண்டி நிர்வாகம் பள்ளிகளுக்குப் பணமே ஒதுக்க மாட்டோம் என்று சொல்லி, அரசுப் பள்ளிகள் அத்தனையையும் பூட்டிவிட்டது. வெள்ளையினப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி ஒன்று கிளம்பியது. கறுப்பினப் பிள்ளைகள் சுமார் 1,700 பேருக்கு எதுவும் இல்லை. ஏழை வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளிலும் சிலர் படிப்பை இழந்தார்கள். ஒரு வாரம் இல்லை, ஒரு பருவம் இல்லை. 1959இலிருந்து 1964வரை, ஐந்து வருஷம்.

எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளை மூன்று நாள் சேர்ந்தாற்போல் வரவில்லை என்றால் சாயங்காலம் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவோம். அம்மா கரும்பு வெட்டப் போய்விட்டாளா, தம்பியைப் பார்த்துக்கொள்கிறதா என்று விசாரிப்போம். பதிவேட்டில் பெயர் நீக்குவதற்கு மனசே வராது. நீக்கிவிட்டால் அந்தப் பிள்ளை திரும்ப வராது என்று தெரியும். ஒரு பெயருக்கே அப்படி. இங்கே ஒரு கவுண்டி முழுவதன் பதிவேட்டையும் மூடி வைத்திருக்கிறார்கள். 1959இல் ஆறு வயதில் ஒன்றாம் வகுப்புக்குப் போயிருக்க வேண்டிய பிள்ளைக்கு 1964இல் பதினொன்று. என் பேரன் வயது. பதினான்கு வயதில் நின்றவனுக்கு அப்போது பத்தொன்பது. அவன் எந்த வகுப்பில் போய் உட்காருவான்? சில குடும்பங்கள் பிள்ளைகளை வேறு கவுண்டிக்கும் வேறு மாநிலத்துக்கும் சொந்தக்காரர் வீட்டில் விட்டன. சிலரை முன்பின் தெரியாதவர்கள் தங்கள் வீட்டில் வைத்துப் படிக்க வைத்தார்கள். தேவாலயங்களின் கீழ்த்தளத்தில் முடிந்த அளவு சொல்லிக் கொடுத்தார்கள். 1963 இலையுதிர் காலத்தில் நன்கொடைப் பணத்தில் ஒரு இலவசப் பள்ளி ஏற்பாடு நடந்தது. 1964 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அரசுப் பள்ளிகள் திறந்தன.

அங்கே பெஞ்சில் ஒரு பெரியம்மா உட்கார்ந்திருந்தார். மகள் பேச்சுக் கொடுத்தாள். நான் ஆசிரியை என்று மகள் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். பள்ளி பூட்டிய வருஷம் அவருக்கு ஏழு வயதாம். புதுக் காலணி வாங்கி வைத்திருந்தார்களாம் பள்ளிக்கூடம் போக. அந்தக் காலணி பத்தாமல் போகும்வரை பெட்டியிலேயே இருந்தது என்றார். என்னுடைய இங்கிலீஷ் அவ்வளவு போதாது. ஆனால் இது மகள் மொழிபெயர்ப்பதற்கு முன்பே எனக்குப் புரிந்தது.

இதற்கு முன்பே தெருவில் அந்த நூறு சொல் பலகையைப் படித்திருந்தேன். நூறு சொல்லில் இதெல்லாம் அடங்காது, அடங்கவும் வேண்டாம். வண்டியை நிறுத்த வைத்ததே அந்தப் பலகைதான். இறங்கிக் கதவைத் திறந்து உள்ளே போவது நம் பொறுப்பு. பலகையைப் படம் பிடித்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள்.

அருங்காட்சியக முக்கில் மெயின் ஸ்ட்ரீட்டோடு சேரும் தெருவுக்கு இப்போது கிரிஃபின் பெயர். எல். ஃபிரான்சிஸ் கிரிஃபின் என்ற போதகர்தான் அந்தப் பதின்மூன்று வருஷமும் குடும்பங்களுக்குத் துணை நின்றவர். அவருடைய முதல் பாப்டிஸ்ட் தேவாலயம் மெயின் ஸ்ட்ரீட்டிலேயே இருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தோம்.

ஊருக்கு மேற்கே இஸ்ரேல் ஹில் இருந்த இடத்தையும் கேட்டுப் போய்ப் பாருங்கள். ரிச்சர்ட் ராண்டல்ஃப் என்ற நிலக்கிழார் தன் அடிமைகளை விடுவித்து நிலமும் தர வேண்டும் என்று உயில் எழுதிவிட்டு 1796இல் இறந்தார். 1810 வாக்கில் சுமார் 90 பேர் 350 ஏக்கரில் தங்கள் சொந்த மண்ணில் குடியேறினார்கள். உள்நாட்டுப் போருக்கு ஐம்பது வருஷம் முந்தி! இன்றைக்குக் கண்ணால் பார்க்க அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. அங்கே நின்று அவர்களை நினைத்துப் பார்க்கத்தான் போக வேண்டும். எனக்குப் பிடித்திருந்தது, பேரன் காரைவிட்டு இறங்கவில்லை.

அவனுக்குப் பிடித்தது ஹை பிரிட்ஜ். 1850களில் கட்டிய ரயில் பாலம். 2,400 அடி நீளம், 125 அடி உயரம். போரின் கடைசி வாரத்தில் பின்வாங்கிய படை இதன் சில கண்களை எரித்துவிட்டது. இப்போது நிற்பது 1914இல் எழுப்பிய இரும்புப் பாலம். ரயில் நின்று போய், 31 மைல் நீளத்துக்கு நடைபாதையும் சைக்கிள் பாதையுமாக ஆக்கியிருக்கிறார்கள். பக்கத்து வண்டி நிறுத்துமிடத்திலிருந்து சமதளமான பாதை, முழங்கால் வலிக்காரர்களும் மெதுவாகப் போகலாம். பாலத்தின் நடுவில் நின்றால் மர உச்சிகள் காலுக்குக் கீழே. வெயிலுக்குத் தொப்பி அவசியம். பாலத்தில் நிழல் கொஞ்சம்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். எல்லாப் பலகைக்கும் பக்கத்தில் வண்டி நிறுத்த இடம் இல்லை. ஒரு பலகையின் முன்னால் சாலையோரம் ஒரு முழம்கூட இல்லை. நாங்கள் கால் மைல் தாண்டி நிறுத்தி, பின்னால் லாரி வர வர, புல்லுக்குள் ஒதுங்கி நடந்து வந்தோம். பிள்ளைகளோடு அப்படிச் செய்யாதீர்கள். அந்த மாதிரி இடத்தில் பலகையை இருபது கஜம் தள்ளி வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இன்னொன்றில் கறுப்புச் சாயம் உரிந்து, எழுத்து எது வெள்ளி எது என்று தெரியாமல் கண்ணைச் சுருக்கிப் படித்தோம். வைத்தவர்கள் ஐந்து வருஷத்துக்கு ஒருதடவையாவது வந்து பார்க்க வேண்டும். காட்டுப் பகுதியில் கைபேசிக்கு இணைப்பு விட்டு விட்டு வருகிறது. பலகைகள் எங்கெங்கே என்று வீட்டிலேயே தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. சைவச் சாப்பாட்டுக்கு அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். புளியோதரையும் உருளைக்கிழங்குப் பொரியலும் கட்டிக்கொண்டு போனோம். ஆற்றங்கரைப் பக்கம் மர மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

இந்தக் குறைகளுக்காகப் பலகைகளுக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். மோட்டன் பள்ளிக்கு ஐந்துக்கு ஐந்து. குறைந்தது இரண்டு மணி நேரம் அதற்கு ஒதுக்குங்கள். கிளம்புமுன் திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது 360 பக்கம் ட்வின் லேக்ஸ் மாநிலப் பூங்காவுக்கும் ஒதுங்கலாம். இரண்டு ஏரி. ஒரு காலத்தில் ஒன்று வெள்ளையருக்கு, மற்றது கறுப்பினத்தவருக்கு. இரண்டு பூங்காவையும் 1976இல் ஒன்றாக்கி, 1986இல் இப்போதைய பெயர் வைத்தார்கள். பிள்ளைகள் குளிக்க நல்ல இடம். எங்களுக்கு நேரமில்லை, ஏனென்றால் நாங்கள் இருட்டும்வரை ஃபார்ம்வில்லிலேயே இருந்துவிட்டோம்.

காரணம் நீதிமன்றக் கட்டடம். 2008இல் இந்தக் கவுண்டி நிர்வாகம், பள்ளிகளைப் பூட்டியது தவறு என்று ஒப்புக்கொண்டு, பார்பராவையும் அந்தப் பிள்ளைகளையும் நினைவுகூர்ந்து நீதிமன்றத்தின் மணிக்கூண்டில் ஒரு விளக்கு ஏற்றியது. கீழே அதைச் சொல்லும் கல்வெட்டு. எந்த நிர்வாகம் பூட்டியதோ அதே நிர்வாகத்தின் பெயரில், அதே ஊர் நடுவில் அந்த வார்த்தைகள் இருக்கின்றன. பகலில் போனால் கூண்டில் விளக்கு இருப்பதே தெரியாது. அதற்காகத்தான் காத்திருந்தோம்.

எட்டு மணிக்கு மேல் வானம் கறுத்ததும் விளக்கு துலங்கியது. பெரிய வெளிச்சமெல்லாம் இல்லை. பேரன் மைப்படித் தாளைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மாச்சி, இதை எப்போ அணைப்பாங்க?" என்றான். அணைக்க மாட்டார்களாம் என்று மகள் சொன்னாள். அப்புறம் காரில் ஏறினோம்.